நாடாவில் நின்ற கச்சேரி



வரலாற்றுச் சான்றுகள் யாவை என்று கேட்டால், கல்வெட்டு, செப்பேடு, நாணயம், அயல்நாட்டார் குறிப்பு என்று தடையின்றி ஒப்புவிப்பீர்கள். யானும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வாறே கற்பித்தவன்தான். நம் திருவரங்கத்துக் கோயிலில் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள் உள்ளன. யார் எந்தத் திருப்பணிக்கு எவ்வளவு நிலம் விட்டார் என்பதை அவற்றால் அறியலாம். ஆனால் அக்கோயில் வீதிகளில் வாசித்தவன் ஒரு ராகத்தை எப்படித் தொடங்கினான், எங்கே தயங்கினான், எங்கே பொங்கினான் என்பதை எந்தக் கல்லும் சொல்லாது.

நம் இசைக்கு இக்குறை பெரிது. கீர்த்தனையை ஏட்டில் எழுதி வைக்கலாம். ராக ஆலாபனை, நிரவல், கற்பனை ஸ்வரம், தனி ஆவர்த்தனம் ஆகியவையோ அந்தந்த நேரத்தில் பிறந்து அப்போதே மறைபவை. மனோதர்மம் என்று நாம் போற்றுவது இதனைத்தான்.

1902 முதல் நம் நாட்டு இசை இசைத்தட்டில் பதிவாகத் தொடங்கியது. ஆயினும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே ஓடும். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையவர்கள் தோடி ராகத்தை மணிக்கணக்கில் வாசிக்க வல்லவர். அவருடைய தோடி இசைத்தட்டு நாடெங்கும் புகழ் பெற்றது. எனினும் அது கடல்நீரைக் கிண்டியில் முகந்தது போன்றதே. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பாடுவது ஒன்று. அவையைப் பார்த்துக்கொண்டு பாடுவது மற்றொன்று.

1939ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் தொடங்கிற்று. மூன்று நிமிடத் தளை அங்கே இல்லை. ஆனால் ஒலிபரப்பான இசை காற்றோடு போயிற்று. அதைப் பிடித்து வைக்கும் காந்த ஒலிநாடாக் கருவி 1935இல் பெர்லின் கண்காட்சியில் காட்டப்பெற்று, இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே எங்கும் பரவியது. நாடாவின் விலையோ மிகுதி. ஆகவே ஒருமுறை பதிந்ததை அழித்து மறுமுறை பதிவது உலக வழக்கமாயிற்று. பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகமும் இதற்கு விலக்கன்று.

இந்நிலையில் பல கச்சேரிகளைக் காத்தவர்கள் ரசிகர்களே. கனத்த கருவியைச் சபைக்குச் சுமந்து சென்றவரும் உண்டு. வீட்டு வானொலிப் பெட்டியின் முன் ஒலிவாங்கியை வைத்தவரும் உண்டு. ஆலத்தூர் சகோதரர்களின் கச்சேரிப் பதிவு கிடைத்தால் தவறாமல் கேளுங்கள். ஸ்ரீனிவாசய்யரும் சிவசுப்பிரமணிய ஐயரும் உடன்பிறந்தவர் அல்லர். பின்னவரின் தந்தையாகிய ஆலத்தூர் வெங்கடேசய்யரிடம் இருவரும் பயின்றவர்கள். தாளச் சிக்கல் மிகுந்த பல்லவி அவர்கள் கோட்டை. பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கம் உடன் சேர்ந்துவிட்டால், பாடுபவர் விடுக்கும் கணக்கு தோலில் விடையாகத் திரும்பும். இடையில் யாரோ இருமுவார். யாரோ 'பலே' என்பார். சுருதி சற்றே இறங்கும். எனக்கு அவை குறையாகத் தோன்றவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் துடைத்து மெருகிட்ட தட்டைவிட, இருமலோடு கூடிய இந்த நாடாவையே யான் மேலான சான்றாகக் கொள்வேன்.

மேலைநாட்டிலும் இத்தகைய பற்று உண்டு என்பதைப் பின்னரே அறிந்தேன். 1965இல் கலிபோர்னியாவில் தோன்றிய 'கிரேட்ஃபுல் டெட்' என்னும் ராக் இசைக்குழு, ஒரே பாட்டை இரவுக்கு ஓர் உருவில் வாசித்தது. முன்னேற்பாடின்றி ஒருவர் போக்கை மற்றவர் பற்றிக்கொண்டு நெடுநேரம் வாசிப்பதை அவர்கள் 'ஜாம்' என்பர். ரசிகர்கள் பதிந்துகொள்ள அக்குழு இசைந்தது. 1984 முதல் அவர்களுக்கென அரங்கில் தனியிடமே ஒதுக்கியது. நாடாக்களை விலைக்கு விற்கலாகாது, மாற்றிக்கொள்ளலாம் என்பதே நிபந்தனை. 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த கச்சேரியின் பதிவை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காக்கத்தக்க ஒலிச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்துள்ளது. அக்குழுவின் தாளக் கலைஞர் மிக்கி ஹார்ட், நம் கடம் வித்வான் விக்கு விநாயகராமுடனும் பிறருடனும் கூடி 1991இல் 'பிளானட் டிரம்' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். மனோதர்மத்தின் அருமை அறிந்தவர் கடல் கடந்தும் ஒருவரை ஒருவர் கண்டுகொண்டனர் போலும்!

அந்த ரசிகர்கள் ஒவ்வொரு நாடாவிலும் நாள், இடம், பாட்டுகளின் வரிசை ஆகியவற்றைக் குறித்து வைத்தனர். நம்மவர் நாடாக்கள் பலவற்றில் இக்குறிப்பு இல்லை. பாடியவர் தெரிகிறார், பாடிய ஆண்டு தெரியவில்லை. நாள் குறியாத சான்றைக் கொண்டு ஒரு கலைஞரின் வளர்ச்சியை எப்படி எழுதுவது? உங்கள் வீட்டுப் பரணில் பழைய நாடா இருப்பின், அது பூசணம் பிடிக்குமுன் படியெடுங்கள். வீட்டுப் பெரியவரிடம் கேட்டு விவரத்தை மேலே எழுதுங்கள்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டோ என்பது ஐயமே. என் தந்தையார் ஒருமுறை திருவரங்கத்து உத்தர வீதித் திண்ணையில் அமர்ந்து, சித்திரைத் திருவிழாப் புறப்பாட்டின் நாகசுவரத்தை ஒரு கேசட்டில் பதிந்தார். பக்கத்திற்கு அரைமணி நேரம். மேலே எதுவும் எழுதவில்லை. யான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், பள்ளி விழாவுக்காகச் சிறுவர்களின் செய்யுள் ஒப்புவித்தலை அதன்மேல் பதிந்துவிட்டேன். தந்தையார் அறிந்தபோது, "பிள்ளைகள் நன்றாகச் சொல்கிறார்களா?" என்று மட்டும் கேட்டார்.

சிறுவர்கள் சற்று விரைந்தே முடித்துவிட்டனர். அதனால் நாடாவின் கடைசியில் நான்கு நிமிடம் எஞ்சியது. ஒரு தவில் முத்தாய்ப்பு, 'விலகு, விலகு' என்னும் ஒரு குரல், பிறகு மெல்லத் தொடங்கும் காம்போதி. அது விரியுமுன் நாடா முடிந்துவிடுகிறது. வாசித்தவர் யார் என்று கேட்டு எழுதி வைக்கத் தந்தையார் இன்று இல்லை.