பானைக்குள் பிறந்த பேஸ்

வீட்டில் உயர்தர ஒலிக்கருவி வைத்துப் பாட்டுக் கேட்பது பணக்காரர்களின், அதிலும் வயதானவர்களின் பொழுதுபோக்கு என்று இன்று பலரும் நினைக்கிறார்கள். ஷோரூமுக்குள் நுழையவே இளைஞர்கள் தயங்குகிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் நல்ல ஒலிக்காகப் பைத்தியமாக அலைந்தவர்கள், கையில் காசில்லாத இளைஞர்கள்தான்!

தொடக்கத்தில் நிலைமை வேறு. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரல் இசைத்தட்டில் பதிவானது. சென்னையில் ஏ.வி. மெய்யப்பன் கூட்டாளியாக இருந்த சரஸ்வதி ஸ்டோர்ஸ் 1930களில் தமிழ்த் தட்டுகளை வெளியிட்டது. ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் பாட்டு. கிராமபோன் பெட்டி வசதியுள்ள வீடுகளில் மட்டுமே இருந்தது.

மற்றவர்களுக்குப் பாட்டு வந்து சேர்ந்தது குழாய் ஸ்பீக்கர் வழியாக. டி.ஆர். சுந்தரம் 1935இல் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், ஏற்காடு சாலையில் இருந்துகொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. அந்தப் பாட்டுகளைக் குப்பனூர் போன்ற மலையடிவார ஊர்க்காரர்கள் கேட்டது கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும்தான். குழாய் ஸ்பீக்கர் அடுத்த ஊர் வரைக்கும் கேட்கும். ஆனால் தாழ்ந்த ஒலி அதில் வராது. பாடகரின் குரல் வரும், தபலாவின் இடக்கைச் சத்தம் காணாமல் போய்விடும்.

அந்தக் காணாமல் போன சத்தத்தைத் தேடித்தான் அடுத்த தலைமுறை கிளம்பியது. 1978இல் வந்த 'ப்ரியா', தமிழில் ஸ்டீரியோவில் பாடல்கள் பதிவான முதல் படம் என்று சொல்லப்படுவது. இளையராஜாவின் பாட்டில் பேஸ் கிதார் தனியாக நடந்து போவதைக் கேட்க இரண்டு ஸ்பீக்கர் வேண்டும், நல்ல ஆம்பிளிஃபயர் வேண்டும். வெளிநாட்டுச் செட்டுக்கு இறக்குமதி வரி கடுமையாக இருந்தது. சிங்கப்பூர், வளைகுடா நாடுகளிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் கொண்டுவர வேண்டும், அல்லது சென்னை பர்மா பஜாரில் பேரம் பேச வேண்டும். கல்கத்தாவில் 1970இல் தொடங்கிய சோனோடைன் போன்ற உள்நாட்டுச் செட்டுகளும் மாணவனுக்கு எட்டாத விலை.

காசில்லாதவனுக்கு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. பாட்டுப் பட்டியலை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், எல்.பி. தட்டிலிருந்து அறுபது நிமிடக் கேசட்டில் பதிந்து தருவார்கள். சட்டப்படி பார்த்தால் இது திருட்டுத்தான், அது வேறு விஷயம். ஊரிலேயே நல்ல செட் அந்தக் கடையில்தான் இருக்கும். கேசட் வாங்காதவனும் வாசலில் நின்று இலவசமாகக் கேட்கலாம். காது அங்கேதான் பழகியது.

பழகிய காது சும்மா இருக்குமா? 'அசெம்பிள் செட்' பிறந்தது. ரிச்சி தெருவில் 2என்3055 டிரான்சிஸ்டர், பின்னாளில் எல்ஏ4440 ஐ.சி. வாங்கி, டிரான்ஸ்பார்மர் சேர்த்து, தாங்களே சால்டர் வைத்துப் பற்றவைத்தார்கள். ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி செய்யக் காசில்லாதவர்கள் மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்தார்கள். இதில் அறிவியல் இருக்கிறது. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. திறந்தவெளியில் இந்த இரண்டு அலைகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் பேஸ் காணாமல் போகும். பானை பின்னலையைச் சிறைப்படுத்துகிறது. அதோடு பானைக்கென்றே ஒரு முழக்கம் உண்டு. குறிப்பிட்ட ஒரு சுருதி மட்டும் 'தொம்' என்று எகிறும். ஒலி வல்லுநர்கள் அதைக் குறை என்பார்கள். அந்தக் குறையைக் காதால் கண்டுபிடித்து, உள்ளே பழந்துணி அடைத்துச் சரிசெய்தவனை ஒலி ரசிகன் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

1991க்குப் பிறகு வெளிநாட்டுச் செட்டுகள் மலிந்தன. பிறகு சி.டி., எம்பி3, கடைசியாகக் கைப்பேசி. பாட்டு காதுக்குள் போய்விட்டது. பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்காது. ரெக்கார்டிங் சென்டர் வாசல் தந்த இலவசப் பயிற்சி அத்தோடு நின்றது. விற்பனை குறைந்ததைவிட இதுதான் பெரிய இழப்பு.

உலக அளவில் இளைஞர்கள் தட்டுகளுக்குத் திரும்புகிறார்கள் என்கிறார்கள். அமெரிக்காவில் 2020இல் இசைத்தட்டு வருமானம், 1986க்குப் பின் முதன்முறையாக சி.டி.யை முந்தியது. இங்கோ ஒரு புதுத் தட்டின் விலையே ஆயிரங்களில். விலைப்பட்டியலை முதலில் காட்டி இளைஞர்களை அழைக்கும் நிறுவனங்கள், அவர்கள் வரவில்லை என்று வருந்துவது வேடிக்கைதான். எண்பதுகளில் காது முதலில் வந்தது, காசு பிறகுதான் வந்தது.

அசெம்பிள் செட் மட்டும் சாகவில்லை. சில நூறு ரூபாய்க்கு ப்ளூடூத் போர்டு, டிபிஏ3116 ஐ.சி. பதித்த சிறு ஆம்பிளிஃபயர் போர்டு எல்லாம் கிடைக்கின்றன. யூடியூபில் தமிழிலேயே செய்து காட்டுகிறார்கள். கீழே பையன்கள் கேட்கும் கேள்வியும் பழையதுதான்: "அண்ணா, இதுக்கு எத்தனை ஆம்ப்ஸ் டிரான்ஸ்பார்மர் போடணும்?"