கையெழுத்தும் ஆறிலக்கமும்

செய்தியொன்றை அனுப்பியவர் உண்மையில் அவர்தாமா என்னும் ஐயம் மடல் எழுதும் வழக்கத்தோடு பிறந்ததாகும். கல்முனைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களின் அண்மைக்கால வரலாற்றை நோக்குமிடத்து, இவ்வையத்தைத் தீர்க்கும் சான்று காலந்தோறும் மாறி வந்துள்ளமை புலனாகும்.

1973இல் எண்ணெய் விலை உயர்ந்தபின் வளைகுடா நாடுகளில் தொழில்வாய்ப்புகள் பெருகின. 1977இல் இலங்கை திறந்த பொருளாதாரத்தை மேற்கொண்டதும் மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய ஊர்களிலிருந்தும் பலர் அங்குச் சென்றனர். பிரிந்த குடும்பத்தைக் கடிதம் இணைத்தது; மகனின் கையெழுத்தை உம்மா அறிவார். பின்னர் ஒலிநாடா வந்தது; குரலே சான்றாயிற்று. 2009இல் தோன்றிய வாட்ஸ்அப் கடல்கடந்த உறவை நொடிப்பொழுதில் அருகே கொணர்ந்தது. ஆயின் தட்டச்சுச் செய்யப்படும் செய்தியில் கையெழுத்துமில்லை, குரலுமில்லை. பெயரும் படமுமே எஞ்சின.

மோசடி புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'ஸ்பானியக் கைதி' எனப் பெயர்பெற்ற மோசடி கடிதங்கள் வழியே நிகழ்ந்தது. சிறைப்பட்ட செல்வந்தனை மீட்கப் பணம் அனுப்பினால் பன்மடங்கு கிடைக்குமென அறிமுகமற்றோர்க்கு எழுதப்பட்டது. அந்நியனின் கடிதத்தை ஐயுறுதல் எளிது. இன்றைய மோசடியோ உறவினரின் பெயரோடு வருகின்றது. சலாம் கூறியே தொடங்குகின்றது.

அதன் வழி இதுவாகும். ஒருவரின் தொலைபேசி இலக்கத்தை மோசடிக்காரர் தமது கருவியில் பதிவுசெய்ய முயல்வர். உடனே உரியவருக்கு ஆறிலக்கக் குறியீடொன்று வரும். "தவறுதலாக உங்களுக்கு வந்துவிட்டது, அனுப்பிவிடுங்கள்" என, முன்னரே கைப்பற்றப்பட்ட உறவினரின் கணக்கிலிருந்து வேண்டுகோள் வரும். குறியீட்டைக் கொடுத்தவர் தமது கணக்கை இழப்பார்; அவர் பெயரால் அடுத்த உறவினரிடம் பணம் கேட்கப்படும்.

இதனைத் தனிமனிதரின் குறும்பெனக் கொள்ளலாகாது. 2024 ஒக்டோபரில் கண்டியை அடுத்த குண்டசாலையில் இணைய மோசடிச் சந்தேகத்தின்பேரில் நூற்றுக்கு மேற்பட்ட சீன நாட்டவர் கைதாகினர். இத்தகைய மோசடி பெருந்தொழிலாக நடத்தப்படுவதை இது உணர்த்தும். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் நடைமுறையிலுண்டு. எனினும் சட்டம் பெரும்பாலும் இழப்பின் பின்னரே வந்து சேர்கின்றது.

ஆதலால் காப்பு முதலில் பயன்படுத்துவோர் கையிலேயே உள்ளது. ஆறிலக்கக் குறியீட்டை எவருக்கும் கொடுத்தலாகாது. 2017இல் வாட்ஸ்அப் அறிமுகப்படுத்திய இரட்டைச் சரிபார்ப்பு முறையில் தமக்கென இரகசிய இலக்கமொன்றையும் அமைத்துக்கொள்ளல் வேண்டும். பணம் கேட்கும் செய்தி வந்தால், முன்பே அறிந்த இலக்கத்துக்கு அழைத்துப் பேசுதல் நன்று. குரலையும் செயற்கையாக ஆக்கவல்ல காலமிது. எனவே வீட்டார் மட்டுமே அறிந்த ஒன்றை வினாவுதல் அதனினும் நன்று. கணக்கை இழந்தவர் நாணி மறைத்தலாகாது. உறவினர் அனைவருக்கும் உடனே அறிவித்து, தமது இலக்கத்தை மீளப் பதிவுசெய்தல் வேண்டும்.

அன்று கையெழுத்து வகித்த இடத்தை இன்று ஆறிலக்கம் வகிக்கின்றது. வெற்றுத் தாளில் கையொப்பமிட்டுக் கொடுக்க எவரும் இசையார். குறியீட்டைக் கொடுத்தலும் அத்தகையதே.