நன்னனின் மலையும் யானையின் மூச்சும்

திருவண்ணாமலை என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது அண்ணாமலையும் கிரிவலமும்தான். அதில் தப்பில்லை. ஆனால் அங்கிருந்து மேற்கே 35 கிலோமீட்டர் போல போனால் செங்கம் வரும். சங்க இலக்கியத்தில் அதன் பெயர் செங்கண்மா; நன்னன் என்ற குறுநில மன்னனின் ஊர். அவனைப் பாடியதுதான் பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம். மொத்தம் 583 அடிகள். பத்தில் மதுரைக்காஞ்சிக்கு அடுத்த நீளமான பாட்டு இது.

பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். இரணியமுட்டம் பாண்டிய நாட்டுப் பகுதி. ஆக, வெளியூர்க்காரர் ஒருவர் நம்ம பக்கத்து மலையைப் பாடியிருக்கிறார். "இயற்கை கலைக்கு ஊற்று" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அந்த ஊற்றிலிருந்து தண்ணீர் எப்படி வருகிறது என்று பார்க்க இதைவிட நல்ல பாட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

பாட்டின் கதை எளிது. நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், எதிரே வறுமையோடு வரும் இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். அதனால் இதற்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயர். அந்தக் கூட்டம் தோளில் சுமந்து போகும் கருவிகளின் பட்டியலோடு பாட்டு தொடங்குகிறது: முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை. இதில் ஒரு கருவியைக் கொஞ்சம் கவனியுங்கள். களிற்று உயிர்த்தூம்பு. 'உயிர்த்தல்' என்றால் மூச்சு விடுதல். ஆண் யானை தும்பிக்கை வழியாக மூச்சு விடுவது போல ஒலிக்கும் நீண்ட ஊதுகருவி. காட்டில் கேட்ட ஓசை கருவியாகி, அதுவே அதன் பெயராகவும் ஆகிவிட்டது.

சரி, கூத்தர்கள் மலைக்குள் போகிறார்கள். அங்கே என்னென்ன கேட்கும் என்று ஏறக்குறைய 20 ஒலிகளை வழிகாட்டி அடுக்குகிறான். அருவியில் வானமகளிர் குடைந்து ஆடும் ஓசையைச் சொல்லும்போது, அது உங்கள் வாத்தியம் போலவே இனிமையாக இருக்கும் என்கிறான். கலைஞனிடமே போய் "உன் இசை அங்கே முன்னாடியே இருக்கிறது" என்று சொல்வது எவ்வளவு அழகு!

ஆனால் எல்லாம் இனிய ஓசை என்று நினைத்துவிடாதீர்கள். முள்ளம்பன்றி முள் தைத்த கானவனின் அழுகை அதில் உண்டு. புலி பாய்ந்து புண்பட்ட கணவன்மார் தேற வேண்டும் என்று கொடிச்சியர் பாடும் பாட்டு உண்டு. குட்டியைப் பிடிக்க மறந்து, அது மலைப்பிளவில் விழுந்துவிட, சுற்றத்தோடு சேர்ந்து கதறும் மந்தியின் குரலும் உண்டு. கூடவே தினை குற்றும் பெண்களின் வள்ளைப்பாட்டு, பன்றியை விரட்டும் பறை, கரும்பாலைச் சத்தம். காட்டின் குரலும் மனிதரின் குரலும் தனித்தனியாக இல்லை. இயற்கை என்று நாம் இன்று பிரித்து வைப்பதில் பாதி, அந்தக் கவிஞருக்கு ஊர்தான்.

இவ்வளவு ஓசையும் சேர்ந்ததற்கு அவர் வைத்த பெயர்தான் மலைபடுகடாம். மலை ஒரு யானை. அதில் பிறக்கும் ஒலிகள் அதன் மதநீர். இப்போது உயிர்த்தூம்பை மறுபடி நினைத்துப் பாருங்கள். யானையின் மூச்சைச் சுமந்துகொண்டு கூத்தர்கள் யானைக்குள்ளேயே நடக்கிறார்கள். கவிஞர் திட்டமிட்டுச் செய்தாரா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் படிக்கும்போது அப்படித்தான் இருக்கிறது.

"சங்கப் புலவர்கள் எல்லாருமே ஒரே அச்சில் வார்த்ததுதானே, இதை நேரில் பார்த்தா பாடினார்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மந்தியும் வேங்கையும் எந்தக் குறிஞ்சிப் பாட்டிலும் வரும். ஆனால் இந்தப் பாட்டில் சேயாறு ஓடுகிறது. அது இன்றும் செங்கம் வழியாகப் போகும் செய்யாறு. நவிரம் என்ற மலையும் அதில் குடிகொண்ட நஞ்சுண்ட கடவுளும் வருகிறார்கள். இன்றைய பருவதமலைதான் அது என்று கருதுகிறார்கள். வழியில் பெயர் பொறித்த நடுகற்கள் வரும், அவற்றை வணங்கிவிட்டுப் போங்கள் என்கிறான் வழிகாட்டி. செங்கம் வட்டாரத்திலோ வட்டெழுத்து பொறித்த பல்லவர் கால நடுகற்கள் ஏராளமாகக் கிடைத்து, 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்று தொல்லியல் துறை தனி நூலே வெளியிட்டது. அவை பாட்டுக்குப் பல காலம் பிந்தியவைதான். ஆனாலும் வழக்கம் அந்த மண்ணுடையது.

பாட்டை ஊரும் மறக்கவில்லை. செங்கம் ரிஷபேசுவரர் கோயில் கல்வெட்டுப் பாடல் ஒன்று, நன்னன் மலையைச் சொல்லும்போது அவன் பெற்ற 'கடாம்' பாட்டையும் சேர்த்தே சொல்கிறது. மலையிலிருந்து பாட்டு பிறந்தது. பிறகு அந்தப் பாட்டே மலைக்கு அடையாளம் ஆகிவிட்டது. 1889இல் உ.வே.சா. பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்ததால் அது நம் கைக்கும் வந்தது.

அடுத்த முறை பருவதமலை ஏறுபவர்கள் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். பாதி வழியில் போனை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள். அந்த இருபதில் எத்தனை காதில் விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். விழாதவற்றையும் எண்ணுங்கள். அந்தக் கணக்குதான் நமக்கு முக்கியம்.