பப்பாசிக்காயும் ஊன் சமையலும்: ஒரு வரலாற்று நோக்கு

கல்முனைக்குடியிலும் அதனை அடுத்த கடற்கரை ஊர்களிலும் முற்றிய இறைச்சியை இளக்குதற்குப் பப்பாசிக்காயை அரைத்துத் தடவும் வழக்கம் உண்டு. கந்தூரிக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் கிடாரம் ஏற்றும் சமையற்காரர் இதனை நன்கறிவர். இஃது எம் முன்னோர் அறபு நாட்டிலிருந்து கொணர்ந்த முறை என்பார் ஒருசாரார். பழந்தமிழர் கண்ட முறை என்பார் மற்றொருசாரார். இவ்விரு கூற்றும் வரலாற்றுக்குப் பொருந்தா என்பதே இக்கட்டுரையின் துணிபு. சைவ உணவினராகிய வாசகர் பொறுத்தருள்க. ஈண்டு ஆராயப்படுவது ஊனன்று, காயே.

பப்பாசி மத்திய அமெரிக்கப் பகுதிக்கு உரிய மரம். கொலம்பசு 1492இல் அட்லாந்திக் கடலைக் கடந்ததற்கு முன்னர் அதனை அறபியரும் அறியார், தமிழரும் அறியார். பொருநராற்றுப்படையிலே செம்மறிக்கடாவின் வெந்த தொடையும், கம்பியிற் கோத்துச் சுட்ட ஊனும் பேசப்படுகின்றன, பப்பாசி இல்லை. 1526இல் வட இந்தியாவை வென்ற பாபர், அந்நாட்டுப் பழங்களைத் தம் நினைவு நூலிலே ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார், அங்கும் இல்லை. எழுபது ஆண்டுகள் கழித்து, 1596இல் வெளிவந்த நூலில், லின்சோட்டன் என்னும் ஒல்லாந்தர் இப்பழம் ஸ்பானியரின் இந்தியத் தீவுகளிலிருந்து பிலிப்பைன், மலாக்கா வழியாக இந்தியாவுக்கு வந்தது என்கிறார். ஆக, இடைப்பட்ட காலத்திலேயே அது கீழைக்கரை சேர்ந்தது எனக் கொள்ளலாம்.

நூல்களினும் சிறந்த சான்று பெயர்களிலே கிடக்கின்றது. கன்னடத்தார் இதனைப் 'பரங்கி ஹண்ணு' என்பர். பரங்கியர் பழம் என்பது பொருள். மலையாளத்தில் 'கப்பளங்ங' என ஒரு பெயர் உண்டு. கப்பலில் வந்தமையால் அப்பெயர் பெற்றது என்பர். சிங்களவர் வழங்கும் 'கஸ்லபு' என்பதற்கு மரச்சுரை என்பது பொருள். முன்னர்க் கண்டிராத காயை வீட்டுக் கொல்லையிற் கண்டவன், அறிந்த சுரைக்காயோடு ஒப்பிட்டு இட்ட பெயர் அது. நாம் வழங்கும் பப்பாசி, தமிழகத்தார் வழங்கும் பப்பாளி ஆகிய இரண்டுமோ அமெரிக்கப் பெயரின் திரிபுகளே. தொன்றுதொட்டு உள்ள மரத்துக்கு இத்தகைய பெயர்கள் அமைவதில்லை.

காய் கொண்டு ஊனை இளக்கும் அறிவு பப்பாசிக்கு முந்தியதாகலாம். இராசத்தானத்தார் கச்சிரி என்னும் காட்டு வெள்ளரியை உலர்த்திப் பொடித்து இறைச்சிக்கு இடுவர். ஆயினும் பப்பாசியைப்போல் ஆற்றலுள்ள காய் பிறிதொன்று எம் கொல்லைகளில் இல்லை. போர்த்துக்கேயரால் தம் ஆட்சிப்பகுதியிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்களுள் 4000 பேரைச் செனரத் மன்னன் 1626 அளவில் மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான் என்று குவேறோஸ் பாதிரியார் எழுதியுள்ளார். அவர்களுக்கு முன்னரும் இக்கரையில் முஸ்லிம்கள் இருந்தனர். எனினும் அக்குடியேற்றமும் பப்பாசியின் வருகையும் ஏறத்தாழ ஒரே தலைமுறைகளுக்குள் நிகழ்ந்தவை என்பது கருதத்தக்கது.

புதிய காய் இத்துணை விரைவில் அடுப்படியில் இடம்பெற்றமைக்குக் காரணம் வெப்பமே. அறுத்த விலங்கின் தசை சில மணி நேரத்தில் விறைக்கும். பின்னரே தானாக மெல்ல இளகும். குளிர் நாட்டார் இறைச்சியைப் பல நாள் தொங்கவிட்டு அவ்விளக்கத்துக்குக் காத்திருந்தனர். எம் நாட்டில் காலையில் அறுத்தது மாலைக்குள் கெட்டுவிடும். காத்திருக்க இயலாதவன் காயை நாடினான். இதே வெப்பமுடைய பார்பேடோஸ் தீவிலும் பப்பாசிக்காயோடு வேகவைத்தால் முதிர்ந்த உப்பிறைச்சியும் மெதுவாகும் என்று கிரிபித் ஹியூஸ் 1750இலேயே எழுதினார்.

விஞ்ஞானம் பிந்தியே வந்தது. கல்கத்தாவில் ஜி. சி. றோய் 1873இல் பப்பாசிச் சாறு ஊனைக் கரைக்கும் ஆற்றலை ஆராய்ந்தார். 1879இல் பிரான்சு நாட்டு வூர்ட்சும் பூசாவும் அதன் பாலிலுள்ள நொதியத்துக்குப் பப்பெயின் எனப் பெயரிட்டனர். அது தசைப் புரதத்தையும் தொடுப்பிழையத்தையும் சிதைக்கும். 60 பாகை முதல் 70 பாகை சதமவளவு வெப்பத்தில் அதன் வேலை மிகும். கொதிநிலையில் அது அழிந்துபோம். ஆதலின் பச்சை இறைச்சியை நெடுநேரம் ஊறவைப்பதில் இலாபம் சிறிது: மேற்புறம் கூழாகும், உட்புறம் வன்மையாகவே நிற்கும். காயைத் தோலோடு அரைத்து, இறைச்சியைக் குத்தித் தடவி, அடுப்பை மெல்ல எரிக்கும் சமையற்காரர் நூல் படியாமலே இதனை அறிந்திருக்கின்றார். தோலையொட்டியே பால் மிகுதி என்பதும், பழுத்தபின் அது அருகிவிடும் என்பதும் அவர் அறிந்தவையே.

இந்தப் பால் எம் நாட்டுக்கு அந்நியச் செலாவணியும் ஈட்டிற்று. இரண்டாம் உலகப்போருக்கு முன்னர் உலகச் சந்தைக்குப் பப்பெயின் அளித்த நாடுகளுள் இலங்கை தலையாயதாக விளங்கியது. முற்றிய பசுங்காயை மரத்திலிருக்கும்போதே அதிகாலையிற் கீறுவர். இரும்பு பட்டாற் பால் நிறங்கெடும் ஆதலின், மூங்கிற் சிம்போ கண்ணாடித் துண்டோ கொண்டு கீறி, வடிந்து உறைந்த பாலை உலர்த்தித் தூளாக்குவர். அத்தூள் மேனாடுகளிலே குளிரில் பியர் கலங்காதிருக்கவும் இறைச்சியை இளக்கவும் பயன்பட்டது. போருக்குப் பின்னர் தங்கனீக்கா முதலிய ஆபிரிக்க நாடுகள் அவ்வாணிகத்தைக் கைக்கொண்டன.