செயின்ட் பால் குவிமாடமும் அதைக் காணும் இடங்களும்

ஊரெல்லையில் நின்று கோபுரத்தைக் கண்டு கைகுவிக்கும் வழக்கம் தமிழருக்குப் பழகிய ஒன்று. உயர்ந்த கட்டடமானது தன்னுள் நுழைவோருக்கு மட்டும் உரியதன்று. தொலைவில் நின்று நோக்குவோருக்கும் அதில் பங்குண்டு என்பதே அவ்வழக்கத்தின் உட்பொருள். இவ்வுண்மையை நகர விதியாகவே ஆக்கிக்கொண்ட மாநகர் லண்டன். அங்குள்ள செயின்ட் பால் பேராலயத்தின் குவிமாடத்தை எங்கு நின்று காண்பது சிறப்பு என்னும் கேள்வி, சுற்றுலா செல்வோர் பொழுதுபோக்காகக் கேட்பது போல் தோன்றலாம். ஆயினும் அந்நகரின் கட்டடங்கள் எவ்வளவு உயரலாம், எப்பக்கம் சாயலாம் என்பதையே அக்கேள்வி முடிவு செய்து வந்திருக்கிறது.

தொலைவுக்கென ஒரு குவிமாடம்

1666-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் மூண்ட பெருந்தீயில் லண்டனின் பழைய பேராலயம் அழிந்தது. புதிய ஆலயத்தை அமைக்கும் பொறுப்பு சர் கிறிஸ்டோபர் ரென் என்னும் கட்டடக் கலைஞரிடம் வந்தது. 1675-ம் ஆண்டில் தொடங்கிய வேலை 1710-ம் ஆண்டளவில் நிறைவெய்தியது. உயரம் 365 அடி.

ரென் எதிர்ப்பட்ட சிக்கல் ஒன்று உண்டு. நகர் முழுவதும் காணும்படி குவிமாடத்தை உயர்த்தினால், ஆலயத்தினுள் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு அது இருண்ட கிணற்றைக் கவிழ்த்தது போலத் தோன்றும். உள்ளே நிற்பவரின் கண்ணுக்கு ஏற்பத் தாழ்த்தினாலோ, வெளியே கூரைகளுக்கிடையில் அது அமிழ்ந்து போகும். ஆகவே அவர் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்குகளை அமைத்தார். உள்ளிருப்போர் காண்பது செங்கல்லாலான தாழ்ந்த குவிமாடம். அதன் மேல், கண்ணுக்குப் புலப்படாமல், செங்கற்கூம்பு ஒன்று நிற்கிறது. உச்சியில் சிலுவை தாங்கும் கல்மண்டபத்தின் ஏறத்தாழ 850 டன் பாரத்தைச் சுமப்பது இக்கூம்பே. இவற்றையெல்லாம் மூடி, மரச் சட்டங்களின் மீது ஈயத் தகடு போர்த்தி எழுப்பியதுதான் வெளியே தெரியும் பெரிய குவிமாடம்.

இதிலிருந்து விளங்குவது யாது? லண்டன் மக்கள் குவிமாடம் என்று காண்பது உச்சிப் பாரத்தைத் தாங்குவதுமன்று. உள்ளே தொழுவோர் காண்பதுமன்று. தெருவிலும் ஆற்றிலும் குன்றிலும் நிற்போரின் கண்களுக்கென்றே எழுந்தது அது.

ஆற்றங்கரைக் காட்சி

முதற்காட்சி தேம்ஸ் ஆற்றுக்குரியது. வெனிஸ் நகர ஓவியர் கனலெட்டோ 18-ம் நூற்றாண்டின் நடுவில் லண்டனில் தங்கியபோது, சாமர்செட் மாளிகையின் ஆற்றோர மேடையிலிருந்து நோக்கும் காட்சியைத் தீட்டினார். படகுகள் நிறைந்த ஆறு, வரிசையாக எழும் சிற்றாலயங்களின் கூர்முனைகள், அவற்றுக்கெல்லாம் மேலே ஒற்றைக் குவிமாடம்: அன்றைய லண்டனின் வடிவம் அதுவே.

ஆற்றின் தென்கரையில் பின்னாளில் எழுந்த பாங்க்சைடு மின் நிலையத்தின் புகைபோக்கி 99 மீட்டரோடு நின்றது. எதிர்க்கரையிலுள்ள குவிமாடத்தின் 111 மீட்டரை அது மிஞ்சக் கூடாதென்பதே காரணம். அக்கட்டடம் 2000-ம் ஆண்டு முதல் கலைக்கூடமாக விளங்குகிறது. அதே ஆண்டில் அதன் முன்னிருந்து வடகரைக்கு நடைபாலம் ஒன்றும் அமைந்தது. அப்பாலத்தின் வழி நடப்போருக்குக் குவிமாடம் நேர் எதிரே நின்று, அடிக்கு அடி வளர்வது போலத் தோன்றும். அண்மையிலிருந்து காண இதைவிட நல்ல இடம் அரிது.

கண்ணுக்குத் தெரியாத கூரை

1894-ம் ஆண்டுச் சட்டம் லண்டன் கட்டடங்களுக்கு 80 அடி வரம்பு விதித்திருந்தது. பின்னர் அவ்வரம்பு தளர்ந்தது. 1930-களின் தொடக்கத்தில் ஆற்றுக்கும் பேராலயத்துக்கும் இடையே ஃபாரடே கட்டடம் என்னும் தொலைபேசி நிலையம் எழுந்து, தென்கரையோர் கண்ட காட்சியின் ஒரு பகுதியை மறைத்துவிட்டது. இப்படியே போனால் குவிமாடம் முழுவதும் சுவர்களுக்குப் பின்னே மறைந்துவிடும் என்ற அச்சம் பிறந்தது.

அப்போது பேராலயக் கட்டடத்தைப் பேணும் பொறுப்பிலிருந்தவர் காட்ஃப்ரே ஆலன். பாலங்கள், தென்கரை, முக்கிய தெருக்கள் ஆகிய இடங்களிலிருந்து குவிமாடத்தை நோக்கிப் பார்வைக் கோடுகள் வரைந்தார். இடையிலுள்ள ஒவ்வொரு மனையிலும் எந்த உயரத்துக்கு மேல் கட்டினால் அக்கோடு அறுபடும் என்று கணக்கிட்டார். அதன் பயனாய் நகரின் மேல் கண்ணுக்குத் தெரியாத சரிவான கூரை ஒன்று அமைந்தது. அக்கூரையைத் துளைக்காமல் கட்ட வேண்டும் என்பதே ஏற்பாடு. 1930-களின் பிற்பகுதியில் நகராட்சி இதனை ஏற்றது. வியப்பு என்னவெனில், அன்று இதற்குச் சட்ட வலிமை கிடையாது; மனையுரிமையாளரின் இசைவே இதன் அடிப்படை. பின்னரே நகரத் திட்டத்தில் இது இடம்பெற்றது.

எரியும் நகரில்

அந்தக் காட்சியின் மதிப்பை உலகுக்கு உணர்த்தியது போர். 1940-ம் ஆண்டு டிசம்பர் 29-ம் நாளிரவு ஜெர்மானிய விமானங்கள் நகரின் மீது தீக்குண்டுகளைப் பொழிந்தன. பேராலயத்தைச் சூழ்ந்த தெருக்கள் பற்றி எரிந்தன. காவலிருந்த தொண்டர்கள் ஆலயத்தின் மீது விழுந்த குண்டுகளை அணைத்துக் காத்தனர். அவ்விரவில் ஹெர்பர்ட் மேசன் என்னும் புகைப்படக்காரர் ‘டெய்லி மெயில்’ இதழின் கட்டட மாடியிலிருந்து எடுத்த படத்தில், புகைத்திரை விலகிய இடைவெளியில் குவிமாடம் சிதையாமல் நிற்கிறது. ஒரு மாடியில் நின்று ஒரு கணம் கண்ட அக்காட்சி, வீழாத நகரின் அடையாளமாயிற்று.

எட்டு இடங்கள்

1991-ம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசாங்கம் தொலைக்காட்சி இடங்களுக்கும் காப்பு விதித்தது. செயின்ட் பாலுக்கென எட்டு இடங்கள் குறிக்கப்பட்டன. வடக்கே அலெக்சாண்ட்ரா மாளிகை, கென்வுட், பார்லிமென்ட் குன்று, பிரிம்ரோஸ் குன்று. தென்கிழக்கே கிரீனிச் பூங்கா, பிளாக்ஹீத். நகர நடுவே வெஸ்ட்மின்ஸ்டர் படகுத்துறை. தென்மேற்கே ரிச்மண்ட் பூங்காவிலுள்ள ஹென்றி அரசர் மேடு.

இவற்றுள் தனிச் சிறப்புடையது கடைசி இடமே. பேராலயத்துக்கு 10 மைல் தொலைவிலுள்ள அம்மேட்டில், வேலிச் செடிகளை வெட்டி ஒரு துவாரம் அமைத்துள்ளனர். அதனூடே நோக்கினால், மரங்களுக்கிடையே பேணப்பட்ட நீண்ட இடைவெளியின் முடிவில் குவிமாடம் சிறு சிமிழ் போலத் தெரியும். தம் மனைவி ஆன் பொலின் தலை வீழ்ந்த செய்தியறிவிக்கும் வாணத்தைக் காண எட்டாம் ஹென்றி இங்கு நின்றார் என்பது கதை. வரலாற்றாசிரியர் அதனை ஏற்பதில்லை.

இக்காட்சிகளைக் காப்பதற்கு விலையும் உண்டு. 2014-ம் ஆண்டில் நிறைவுற்ற 225 மீட்டர் உயர லெடன்ஹால் கட்டடம், மேலே செல்லச் செல்லச் சாய்ந்து மெலிகிறது. ஃபிளீட் தெருவில் நடப்போரின் கண்ணில் குவிமாடத்தை அது நெருக்கக் கூடாதென்பதற்காகவே, நில விலை மிகுந்த அவ்விடத்தில் அத்தனை தளப்பரப்பு கைவிடப்பட்டது.

பின்னே எழுந்த கோபுரம்

எனினும் 2016-ம் ஆண்டில் ஒரு குறை வெளிப்பட்டது. பேராலயத்துக்குப் பின்னே பல கிலோமீட்டர் அப்பால் ஸ்டிராட்ஃபோர்டில் எழுந்த 42 மாடிக் கட்டடம், ஹென்றி மேட்டிலிருந்து நோக்குவோருக்குக் குவிமாடத்தின் முதுகிலேயே நிற்பதாகக் காட்சியளித்தது. பூங்கா அன்பர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர், கட்டடமோ எழுந்துவிட்டது. குவிமாடம் மறையவில்லை, அதன் பின்னிருந்த வெறும் வானமே மறைந்தது. முன்னிருப்பதை அளந்து காத்த விதி, தொலைவில் பின்னெழுந்ததைத் தடுக்கவில்லை. ஓர் உருவம் தெளிய அதன் பின்னே வெளி வேண்டும் என்பதை நகரம் பிந்தி உணர்ந்தது.

ரென்னின் கல்லறை பேராலயத்தினுள்ளேயே உள்ளது. அவருடைய நினைவுச் சின்னத்தைத் தேடுவோர் தம்மைச் சுற்றிப் பார்த்தால் போதும் என்ற கருத்தை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. உள்ளே நிற்போருக்கு அது பொருந்தும். குன்றிலும் கரையிலும் நிற்போருக்கென அவர் எழுப்பியது வெளிக் குவிமாடம். அதை எழுப்ப முப்பத்தைந்து ஆண்டுகள் போதுமாயிருந்தன. அதைக் காணும் வழியைக் காக்கும் வேலையோ ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகச் செய்ய வேண்டியதாயிருக்கிறது.