ஊராட்சிச் செயலரும் பயிற்சியும்

தமிழ்நாட்டின் ஊராட்சி அலுவலகத்தில் தீர்மானப் புத்தகத்தைக் காப்பவர், ரொக்கக் கணக்கு எழுதுபவர், வீட்டு வரிக்கு ரசீது போடுபவர் எல்லாம் ஒரே ஆள்தான். அவரே ஊராட்சிச் செயலர். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இப்பணிக்கான கல்வித் தகுதி. எழுத்தர், உதவியாளர், செயலர் என்று பதவியின் பெயர் படிப்படியாக உயர்ந்தது. வேலையும் உடன் பெருகியது. பயிற்சி அந்த வேகத்துக்கு வரவில்லை.

கிராமப் பணியாளரைப் பழக்கி அனுப்பும் முறை, 1948இல் உத்தரப் பிரதேசத்தின் எட்டாவாவில் ஆல்பர்ட் மேயர் வகுத்த முன்னோடித் திட்டத்தில் உருப்பெற்றது. 1952 அக்டோபர் 2 அன்று 55 இடங்களில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, கிராம சேவக் என்னும் பதவி நாடெங்கும் பரவியது. விதை, உரம், கால்நடை, சுகாதாரம் என்று ஊருக்கு வேண்டிய அத்தனையும் அவர் பொறுப்பு. ஆனால், மாதக்கணக்கில் பயிற்சி மையத்தில் தங்கிப் படித்த பிறகே அவர் ஊருக்குள் கால் வைத்தார். பவானிசாகர், டி.கல்லுப்பட்டி, பட்டுக்கோட்டை, கிருஷ்ணகிரி, எஸ்.வி.நகரம் ஆகிய ஊர்களில் இன்று மண்டல ஊரக வளர்ச்சிப் பயிற்சி நிறுவனங்கள் இயங்குகின்றன. மாநில நிறுவனம் மறைமலை நகரில் உள்ளது.

கிராம சேவக்கைப் போலத் தங்கிப் படிக்கும் வாய்ப்பு ஊராட்சி எழுத்தருக்கு அமையவில்லை. முன்பிருந்தவர் விட்டுப்போன பதிவேடுகளும், ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டதுமே அவருக்குப் பாடம்.

73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டே தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் பிறந்தது. ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவையாக 29 துறைகள் பட்டியலிடப்பட்டன. காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் கூட்டாகக் கையெழுத்திட்டாலும், அதற்குரிய பற்றுச்சீட்டைத் தயாரித்து, ரொக்கப் பதிவேட்டை வங்கிப் புத்தகத்தோடு ஒப்பிட்டு நேர்செய்ய வேண்டியவர் செயலர். வேலைக்கும் பயிற்சிக்கும் உள்ள இடைவெளி பளிச்சென்று தெரிவது இங்கேதான். மாதம்தோறும் நேர்செய்யாமல் விட்ட சிறு வேறுபாடு, ஆண்டு முடிவில் தணிக்கைத் தடையாக வந்து நிற்கும். அதற்குப் பதில் எழுதுவது தனித் திறமை. அதைச் சொல்லிக்கொடுப்பவர் அரிது.

2006இல் நூறு நாள் வேலை வந்தது; வேலை அட்டையும் வருகைப் பட்டியலும் சேர்ந்தன. 2020இல் கணக்கு இ-கிராம் ஸ்வராஜ் தளத்துக்கு மாறியது. 2023இல் வீட்டு வரியும் இணையத்துக்குப் போனது. கையால் எழுதிப் பழகியவர்கள் திரையின் முன் உட்கார்ந்தார்கள். புதிய மென்பொருளுக்கென்று நடக்கும் ஓரிரு நாள் வகுப்பில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரிந்துகொள்ளலாம், கணக்கியல் புரியாது.

கேரளம் வேறு வழியில் நடந்தது. 1996இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோதே பயிற்சியை அதன் அடித்தளமாக வைத்தது. அங்கே ஊராட்சிச் செயலர் முழுநேர அரசு அலுவலர். அவருக்குக் கீழே எழுத்தர்களும் உண்டு.

2016 அக்டோபருக்குப் பின் மூன்று ஆண்டுகளுக்கு மேல் தமிழக ஊராட்சிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் இல்லை; அரசு அமர்த்திய தனி அலுவலர்களே நிர்வகித்தார்கள். 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் மீண்டும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவரே பல ஊராட்சிகளைப் பார்க்கும் அந்தக் காலங்களில், ஊர்மக்கள் முறையிட அருகில் இருப்பவர் செயலர் ஒருவர்தான். கிராம சேவக்குக்கு அன்று கொடுத்ததைப் போல, பொறுப்பேற்கும் முன் தங்கிப் படிக்கும் முழுமையான பயிற்சியை இவருக்கும் அரசு கட்டாயமாக்க வேண்டும்.