திருமணப் புகைப்படம்: சடங்குக்கு வந்த புதிய சாட்சி

சென்னையிலிருந்து திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலையில், மதுராந்தகத்தைத் தாண்டி அமைந்துள்ள ஊர் அச்சரப்பாக்கம். தேவாரத்தில் இதன் பெயர் அச்சிறுபாக்கம். திருஞானசம்பந்தர் பாடிய ஆட்சீசுவரர் கோயில் இங்கு உள்ளது. குன்றின் மேல் மழைமலை மாதா திருத்தலம் உள்ளது. இதே மாவட்டத்தில், மாமல்லபுரத்திலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையில், திருவிடந்தை நித்திய கல்யாணப் பெருமாள் கோயிலும் கோவளத்தின் கார்மேல் மாதா ஆலயமும் தமீம் அன்சாரி தர்காவும் அடுத்தடுத்து வருகின்றன. மூன்று சமயத்தாரும் சேர்ந்து வாழும் இப்பகுதியில் திருமண முறைகள் வெவ்வேறானவை. ஆனால் எந்தச் சாத்திரமும் சொல்லாத ஒருவர் எல்லாத் திருமணங்களிலும் இருக்கிறார். அவர் புகைப்படக்காரர்.

சடங்கும் சாட்சியும்

திருமணம் எந்தச் சமயத்தில் நடந்தாலும் சாட்சி வேண்டும். வைதிக முறையில் அக்கினி சாட்சி. கத்தோலிக்கத் திருமணத்தில் குருவின் முன் இரண்டு சாட்சிகள் நின்று பதிவேட்டில் கையொப்பமிடுகின்றனர். நிக்காஹ்வில் மணமகளின் சம்மதம் பெறப்பட்டு, மஹர் அறிவிக்கப்பட்டு, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் ஒப்பந்தம் நிறைவேறுகிறது. சுயமரியாதைத் திருமணத்தில் கூடியிருக்கும் சபையே சாட்சி. இந்த வரிசையில் கேமரா கடைசியாக வந்து சேர்ந்தது.

ஸ்டுடியோக் காலம்

1839-இல் பிரான்சில் புகைப்படக் கலை அறிவிக்கப்பட்டது. அலெக்சாண்டர் ஹண்டரின் முயற்சியால் 1856-இல் சென்னையில் புகைப்படச் சங்கம் தோன்றியது. அதே ஆண்டு லின்னேயஸ் டிரைப் சென்னை அரசின் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்டார். மதுரை, தஞ்சாவூர் கோயில்களை அவர் படமெடுத்தார். அன்றைய கேமராவுக்கு அசையாத கல் ஏற்றதாக இருந்தது. மணமேடை ஏற்றதாக இல்லை. பிளேட் கேமராவின் எடையும், படம் பதிய வேண்டிய நேரமும், மண்டபத்து மங்கலான வெளிச்சமும் அதற்குக் காரணங்கள்.

எனவே தொடக்கத்தில் திருமணப் படம் என்பது திருமணத்தின் படம் அன்று. சடங்கு முடிந்தபின் மணமக்கள் ஸ்டுடியோவுக்குச் சென்றனர். தீட்டிய திரைச்சீலை, நாற்காலி, பூச்சாடி ஆகியவற்றின் நடுவே ஒருவர் அமர, மற்றவர் நின்றார். இத்தகைய படத்தில் பொட்டும் தாலியும், சிலுவையும், தொப்பியும் சமயத்தைக் காட்டும். நிற்கும் முறையோ எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றே. 1880 முதல் 1980 வரையிலான தமிழ் ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் அருகிவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியுடன் மின்வடிவாக்கியுள்ளது. குடும்ப வாழ்வின் பல கட்டங்களை அத்தொகுப்பில் காணலாம்.

பன்னிரண்டு படங்களில் ஒரு திருமணம்

ரோலிஃப்ளெக்ஸ், யாஷிகா போன்ற சிறிய கேமராக்களும் ஃபிளாஷும் வந்தபின் புகைப்படக்காரர் மண்டபத்துக்குள் நுழைந்தார். ஊட்டியில் 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனம் கறுப்பு வெள்ளை ஃபிலிமை உள்நாட்டிலேயே தயாரித்தது. சதுரப் படம் எடுக்கும் கேமராவில் ஒரு சுருளுக்கு 12 படங்கள்தான் கிடைத்தன. எதை எடுப்பது, எதை விடுவது என்பதை முன்பே தீர்மானிக்க வேண்டியிருந்தது. அந்தத் தேர்வுக்குச் சடங்கு பற்றிய அறிவு தேவைப்பட்டது.

இந்துத் திருமணத்தில் கெட்டிமேளம் ஒலித்தவுடன் அட்சதை விழும்; உறவினர் மணமக்களைச் சூழ்ந்துகொள்வர். அதற்கு முன்பே இடம் பிடிக்காத புகைப்படக்காரருக்கு முதுகுகள்தான் கிடைக்கும். தாலி கட்டுதல், அம்மி மிதித்தல், மெட்டி அணிவித்தல் ஆகியவை தவறக்கூடாத படங்கள்.

தமிழ்க் கத்தோலிக்கர் மந்திரித்த தாலியைக் கட்டுகின்றனர், மோதிரமும் மாற்றுகின்றனர். ஆனால் மணமக்களின் முகம் பீடத்தை நோக்கி இருக்கும். பின்னால் நிற்பவருக்கு முகம் தெரியாது. பீடத்தின் அருகே நடமாடுவதற்கோ கட்டுப்பாடு உண்டு. பக்கவாட்டில் ஓரிடத்தில் அமைதியாக நின்று எடுப்பதே அங்கு முறை.

நிக்காஹ் நடக்கும் இடத்தில் பெரும்பாலும் மணமகள் இருப்பதில்லை. எனவே திருமணம் நிறைவேறும் கணத்தின் படத்தில் மாப்பிள்ளையும், பெண்ணின் பொறுப்பாளரும், சாட்சிகளும், ஜமாஅத் பதிவேடும் இருப்பர். கருகமணி கட்டுவது பெண்கள் பகுதியில் நடக்கும். அதைப் படமெடுக்கலாமா என்பதை வீட்டார் தீர்மானிப்பர். சில வீடுகளில் பெண் புகைப்படக்காரரை மட்டும் அனுமதிக்கின்றனர். சில வீடுகளில் எவரையும் அனுமதிப்பதில்லை. அந்த ஆல்பத்தில் சில படங்கள் இல்லாமலிருப்பதும் அத்திருமணத்தைப் பற்றிய ஒரு செய்தியே.

சட்டத்தின் முன் படம்

1928-இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. இம்முறையில் தீ வளர்ப்பதில்லை, புரோகிதர் இல்லை. மாலை மாற்றலும் உறுதிமொழியும் தலைவர்களின் வாழ்த்துரையும் உண்டு. 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய ஒரு திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அண்ணா தலைமையிலான அரசு 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்து, முன்பு நடந்தவை உட்பட அவற்றுக்குச் சட்ட ஏற்பு அளித்தது. தலைவர் நடுவே நிற்க, மணமக்கள் மாலையோடு இருபுறமும் நிற்கும் படம் பல வீடுகளின் கூடத்தில் மாட்டப்பட்டிருந்தது. சடங்கைக் குறைத்துக்கொண்ட திருமணத்தில் படத்தின் மதிப்பு கூடியது.

2006-இல் உச்ச நீதிமன்றம் எல்லாச் சமயத்தாரின் திருமணங்களும் பதிவு செய்யப்பட வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. 2024-இல் உச்ச நீதிமன்றம், உரிய சடங்கு நடைபெறாத இந்துத் திருமணத்தைப் பதிவுச் சான்று மட்டும் செல்லுபடியாக்காது என்று கூறியது. ஆகவே ஜீவனாம்சம், வாரிசுரிமை, இருதார மணம் போன்ற வழக்குகளில் சடங்கு நடந்ததா என்ற கேள்வி எழும்போது ஆல்பமும் நீதிமன்றம் செல்கிறது.

படம் மட்டுமே திருமணத்தை மெய்ப்பித்துவிடாது. இருவர் மாலையுடன் நிற்கும் படத்தை எங்கும் எடுக்கலாம். தாலி கட்டும் கையோடு புரோகிதரும் பெற்றோரும் உறவினரும் தெரியும் படம் அதைவிட அதிகம் சொல்லும். அதில் இருப்பவர்களைச் சாட்சிகளாக அழைக்கவும் முடியும். ஃபிலிம் காலத்தில் நெகட்டிவைக் கேட்பது நீதிமன்ற வழக்கம். டிஜிட்டல் படத்துக்கு இப்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும்.

ஆவணப் பாணியின் வருகை

அமெரிக்காவில் டெனிஸ் ரெஜி போன்றோர் செய்திப் புகைப்படத்தின் முறையைத் திருமணத்துக்குக் கொண்டுவந்தனர். 1996-இல் ஜான் எஃப். கென்னடியின் மகன் திருமணத்தில், மணமகன் மணமகளின் கையை முத்தமிடும் கணத்தை ரெஜி எடுத்த படம் உலகெங்கும் பரவியது. "இங்கே பாருங்கள்" என்று சொல்லாமல், நடப்பதை நடக்கும்போதே எடுப்பது இப்பாணியின் அடிப்படை. டிஜிட்டல் கேமரா பரவியபின் தமிழ்நாட்டில் இது 'கேண்டிட்' என்ற பெயரில் வேரூன்றியது. இன்று பல திருமணங்களில் மேடையில் வரிசையாக நிற்பவர்களை எடுக்க ஒரு குழுவும், கேண்டிட் எடுக்க இன்னொரு குழுவும் வருகின்றன.

இதனால் அடுப்படியும், தாயின் கண்ணீரும், நாதசுவரக் கலைஞரின் ஓய்வு நேரமும் ஆல்பத்தில் இடம்பெற்றன. அதே சமயம், பின்னணியை மங்கலாக்கி ஒரு முகத்தை மட்டும் தெளிவாகக் காட்டும் பழக்கமும் வளர்ந்தது. அழகான படம் கிடைக்கிறது. அருகே யார் நின்றார் என்பது மறைந்துவிடுகிறது. மாமல்லபுரக் கடற்கரையில் திருமணத்துக்கு முன்பே எடுக்கப்படும் படங்களில் உறவினர் எவரும் இல்லை. பழைய குரூப் போட்டோ செயற்கையானது என்று ஒதுக்கப்பட்டாலும், ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையும் அதில்தான் ஒன்றாக இருக்கிறது. பெயரால் ஆவணப் பாணி என்பது வேறு. ஆவணமாகப் பயன்படுவது வேறு.

எஞ்சுவது

பழைய ஸ்டுடியோக்கள் மூடப்பட்டபோது பல இடங்களில் நெகட்டிவ்கள் வெள்ளி எடுக்க விற்கப்பட்டன. கண்ணாடித் தகடுகள் கழுவப்பட்டு வேறு வேலைக்குப் போயின. டிஜிட்டல் படங்களுக்கு வேறு ஆபத்து: ஆயிரக்கணக்கில் எடுக்கப்பட்டவை ஒரே ஹார்ட் டிஸ்கில் கிடந்து, அது பழுதானால் மொத்தமாக அழிகின்றன. அச்சான கரிஸ்மா ஆல்பத்தில் தேர்ந்தெடுத்த சிலவே மிஞ்சும். படத்தின் பின்புறம் பெயர், ஊர், நாள் எழுதி வைத்த முந்தைய தலைமுறையின் வழக்கம் எளியது. ஆனால் அந்த மூன்றும் இல்லாத படத்தில் இருப்பவரை இரண்டு தலைமுறைக்குப் பின் சொந்தப் பேரனும் அடையாளம் காண முடியாது. கோயில், ஆலயம், பள்ளிவாசல் எதில் நடந்த திருமணத்துக்கும் இது பொருந்தும்.